வன்னியின் உமி, சிரட்டை, ஊமல்: கரியாக விற்பதா, காபனாக விற்பதா?

வன்னிப் பெருநிலப்பரப்பில் பெரும்போக அறுவடை முடிந்த கையோடு வயல்வெளிகளில் வைக்கோல் எரியும் புகை எழுவது வழக்கமான காட்சியாகும். நெல் ஆலைகளின் பின்புறத்தில் உமி மேடாகக் குவிகின்றது. வீடுகளிலும் உணவகங்களிலும் சேரும் சிரட்டைகளில் ஒரு பகுதி அடுப்புக்குப் போக, மறுபகுதி குப்பையோடு குப்பையாகின்றது. கிழங்கு எடுத்த பின்னர் எஞ்சும் ஊமலும், கச்சான் உடைத்த பின்னர் எஞ்சும் கோதும் இதே கதிக்கே உள்ளாகின்றன. இவை அனைத்தையும் நாம் 'கழிவு' என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கிவிடுகின்றோம். ஆனால் இத்தகைய பொருட்களிலிருந்து பெறப்படும் நுண்துளைக் காபன், குடிநீர் சுத்திகரிப்பிலிருந்து தங்கம் பிரித்தெடுத்தல் வரை பல கைத்தொழில்களுக்கு இன்றியமையாத பண்டமாக உலகச் சந்தையில் விலைபோகின்றது.

இவ்விடயத்தை இப்போது ஆராய்வதற்குத் தக்க காரணம் உண்டு. 2025ஆம் ஆண்டு செப்டெம்பர் 2ஆந் திகதி, உலகத் தெங்கு தினத்தன்று, வடக்குத் தெங்கு முக்கோணத் திட்டம் முல்லைத்தீவு மாவட்டத்தின் புதுக்குடியிருப்பில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவினால் ஆரம்பித்து வைக்கப்பட்டது. குருநாகல், புத்தளம், கம்பஹா ஆகிய மாவட்டங்களைக் கொண்ட பழைய தெங்கு முக்கோணத்துக்கு அடுத்ததாக வடக்கிலும் பெருமளவில் தென்னை நடுவதே இதன் நோக்கமாகும். நடப்படும் கன்று நன்கு காய்ப்பதற்கு ஆறு, ஏழு ஆண்டுகள் செல்லும். அந்தத் தேங்காயின் சிரட்டை எங்கே போகப்போகின்றது, அதன் இலாபம் யாருக்குச் சேரப்போகின்றது என்பனவற்றைத் தீர்மானிப்பதற்கு நமக்குள்ள அவகாசமும் அந்த ஆறு, ஏழு ஆண்டுகள்தாம்.

கரியும் காபனும்

கரியின் பயனை நம் முன்னோர் அறியாதவர்கள் அல்லர். உமிக்கரியால் பல் துலக்கினார்கள். சிரட்டைக்கரி பொற்கொல்லரின் உலையிலும் துணி அழுத்தும் பெட்டியிலும் கனன்றது. எனினும் அடுப்பில் எஞ்சும் கரிக்கும், 'அக்டிவேற்றட் காபன்' என்று வணிகத்தில் அழைக்கப்படும் செயலூட்டிய காபனுக்கும் இடையே பெரும் வேறுபாடு உள்ளது. இரண்டும் அடிப்படையில் ஒரே மூலகந்தான். வேறுபாடு அவற்றினுள்ளே இருக்கும் துளைகளில் தங்கியுள்ளது.

சாதாரண கரியில் உள்ள நுண்துளைகளின் பெரும்பகுதி தாரினால் அடைபட்டிருக்கும். அந்த அடைப்பை நீக்கி, துளைகளைப் பெருக்கி, அவற்றின் சுவர்களை வெளிப்படச் செய்வதே செயலூட்டல் எனப்படுகின்றது. இவ்வாறு செய்யப்பட்ட நல்ல சிரட்டைக் காபனின் ஒரு கிராமினுள் அடங்கியிருக்கும் மேற்பரப்பு ஏறத்தாழ 1000 சதுர மீற்றர் ஆகும். அதாவது, உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிட்டிகைத் தூளினுள் கால் ஏக்கர் காணி, நமது கணக்கில் நான்கு பரப்பு, மடித்து வைக்கப்பட்டுள்ளது எனலாம். நீரிலோ வளியிலோ கலந்துள்ள வேண்டாத பொருட்களின் மூலக்கூறுகள் இந்தச் சுவர்களில் ஒட்டிக்கொள்கின்றன. பஞ்சு நீரை உள்ளே இழுப்பது அகத்துறிஞ்சல். காபனின் சுவரில் மூலக்கூறு ஒட்டிக்கொள்வது புறத்துறிஞ்சல். செயலூட்டிய காபனின் தொழில் பெரும்பாலும் இந்தப் புறத்துறிஞ்சலே.

துளைகளின் அளவும் முக்கியமானது. 2 நனோமீற்றருக்குக் குறைந்தவை நுண்துளைகள் எனவும், 2 முதல் 50 நனோமீற்றர் வரையானவை இடைத்துளைகள் எனவும், அதற்கு மேற்பட்டவை பெருந்துளைகள் எனவும் வகுக்கப்பட்டுள்ளன. வாயுக்களையும் சிறிய மூலக்கூறுகளையும் பிடிப்பதற்கு நுண்துளைகள் வேண்டும். சாயம் போன்ற பெரிய மூலக்கூறுகளுக்கு இடைத்துளைகள் வேண்டும். எனவே எல்லாக் காபனும் எல்லா வேலைக்கும் பொருந்துவதில்லை.

1915இல் முதலாம் உலகப் போர்க்களத்தில் நச்சு வாயு பயன்படுத்தப்பட்டபோது இப்பொருளின் அருமையை உலகம் உணர்ந்தது. படைவீரர்களின் முகக்கவசங்களுக்கான காபனைத் தயாரிப்பதற்காக 1918இல் அமெரிக்க மக்கள் பழக்கொட்டைகளையும் விதைக் கோதுகளையும் சேகரித்துக் கொடுத்தார்கள். அக்காலத்திலேயே மிகச் சிறந்த மூலப்பொருளாகக் கருதப்பட்டது தேங்காய்ச் சிரட்டையாகும்.

உற்பத்தி முறை

உற்பத்தியில் இரண்டு கட்டங்கள் உள்ளன. முதலாவது கரியாக்கல். மூலப்பொருளை வளி புகாதவாறு 400 முதல் 600 பாகை செல்சியஸ் வரையான வெப்பத்தில் வாட்டும்போது நீராவியும் வாயுக்களும் தாரும் வெளியேறிக் கரி எஞ்சுகின்றது. இரண்டாவது செயலூட்டல். கரியை 800 முதல் 1000 பாகை வரை சூடாக்கி நீராவியைச் செலுத்தும்போது, நீராவி காபனின் ஒரு பகுதியை அரித்துக் காபனோரொட்சைட்டாகவும் ஐதரசனாகவும் வெளியேற்றுகின்றது. அந்த அரிப்பே துளைகளைத் தோற்றுவிக்கின்றது.

மற்றொரு வழி இரசாயனச் செயலூட்டலாகும். மூலப்பொருளைப் பொசுபோரிக் அமிலம், நாகக் குளோரைட்டு, பொற்றாசியம் ஐதரொட்சைட்டு போன்றவற்றுள் ஒன்றில் ஊறவைத்துச் சூடாக்குவார்கள். பொசுபோரிக் அமில முறைக்கு நீராவி முறையை விடக் குறைந்த வெப்பம் போதுமானது. ஆனால் இறுதியில் அந்த இரசாயனத்தைக் கழுவி அகற்றுவதற்குப் பெருமளவு நீர் தேவைப்படும். கழுவிய நீரையும் சுத்திகரித்தாக வேண்டும்.

விளைச்சல் விகிதத்தையும் மனதிற் கொள்ளல் வேண்டும். பத்துத் தொன் சிரட்டையிலிருந்து ஏறத்தாழ மூன்று தொன் கரி கிடைக்கும். அந்தக் கரியிலிருந்து ஏறத்தாழ ஒரு தொன் செயலூட்டிய காபனே கிடைக்கும். ஆகவே மூலப்பொருள் ஓரிடத்தில் தொடர்ச்சியாகச் சேராவிடில் ஆலை இயங்காது.

எந்தப் பொருள் எதற்கு?

தேங்காய்ச் சிரட்டை கடினமானது, சாம்பல் மிகக் குறைந்தது, நுண்துளைகள் மிகுந்த காபனைத் தருவது. ஊமலும் கடினமான ஓட்டினை உடையது. பனை வளம் மிகுந்த வடக்கில் சிரட்டைக்கு அடுத்ததாகக் கருதத்தக்க மூலப்பொருள் அதுவே. பனை அபிவிருத்திச் சபை 1978இல் நிறுவப்பட்டது. கள்ளு, பனங்கட்டி, ஒடியல், ஓலைக் கைப்பணி ஆகியவற்றுக்குக் கிடைத்த கவனத்தில் ஒரு பங்கேனும் ஊமலுக்குக் கிடைத்ததாகச் சொல்ல முடியாது.

உமியின் கதை வேறு. நெல்லின் நிறையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமியாகும். ஒரு புசல் நெல் ஏறக்குறைய 21 கிலோ நிறையுள்ளது. எனவே நூறு புசல் நெல்லை ஆலையில் கொடுத்தால் 400 கிலோவுக்கு மேற்பட்ட உமி எஞ்சும். இரணைமடுக் குளத்தின் கீழ் மட்டும் இருபதாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட வயல்கள் உள்ளன. முத்தையன்கட்டு, வவுனிக்குளம், பாவற்குளம் ஆகியவற்றின் கீழுள்ள வயல்களையும் சேர்த்து நோக்கினால் வன்னியில் உமிக்குப் பஞ்சமில்லை. ஆனால் உமியை முற்றாக எரித்தால் அதன் நிறையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக எஞ்சும். அச்சாம்பலின் பெரும்பகுதி சிலிக்காவாகும். இந்தச் சிலிக்கா துளைகள் உருவாவதற்குத் தடையாக நிற்பதால், எரிசோடா போன்ற காரத்தினால் அதனை அகற்றினால் மட்டுமே உமியிலிருந்து உயர்தரக் காபனைப் பெறலாம். அது செலவு மிகுந்த வேலையாகும். உமி பாரமற்று இடத்தை அடைப்பதால் போக்குவரத்துச் செலவும் அதிகம்.

மேலும், இவை எல்லாமே உண்மையில் கழிவுதானா என்ற வினாவும் எழுகின்றது. புழுங்கல் நெல் அவிக்கும் ஆலைகளுக்கு உமியே எரிபொருள். செங்கற் சூளைக்கும் கோழிப் பண்ணைக்கும் அது போகின்றது. வைக்கோல் வரட்சிக் காலத்தில் மாடுகளின் உணவாகும். கால்நடை வளர்ப்போரின் தீனியைப் பறித்து ஆலைக்குக் கொடுப்பது அபிவிருத்தியாகாது. எனவே சிரட்டை, ஊமல், கச்சான் கோது ஆகியவற்றைக் காபனுக்கு ஒதுக்கி, எஞ்சும் உமியைக் கரியாக்கி வயலுக்கே திருப்புவது பொருத்தமானது. கரியாக்கிய உமி மண்ணின் ஈரப்பிடிப்பைக் கூட்டுவதோடு பொற்றாசியத்தையும் சிலிக்காவையும் பயிருக்கு வழங்குகின்றது. 2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது விவசாயிகள் பட்ட துன்பத்தை நினைவிற் கொண்டால், வயலிலிருந்து எடுத்ததில் ஒரு பங்கை வயலுக்கே கொடுப்பதன் அருமை விளங்கும்.

தெற்கு தரும் பாடம்

இத்தொழில் இலங்கைக்குப் புதியதன்று. ஹேலீஸ் குழுமத்தைச் சேர்ந்த ஹேகார்ப் நிறுவனம் 1973இல் தொடங்கப்பட்டது. சிரட்டைக் காபன் உற்பத்தியில் இன்று உலகின் முன்னணி நிறுவனங்களுள் ஒன்றாக அது விளங்குகின்றது. இந்தோனேசியா, தாய்லாந்து ஆகிய நாடுகளிலும் அதற்கு ஆலைகள் உள்ளன. பதல்கமவில் சிரட்டையைக் கரியாக்கும்போது வெளியேறும் வாயுவை வீணாக்காமல் எரித்து மின்சாரம் பெறும் நிலையமும் அமைக்கப்பட்டது. நம் நாட்டுத் தொழில்நுட்பவியலாளர்களால் முடியாத காரியம் இதில் எதுவுமில்லை என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆனால் இத்தொழிலின் படிநிலையைக் கவனித்தல் வேண்டும். சிரட்டையை மூடையாகக் கட்டி விற்பவருக்குக் கிடைப்பது மிகச் சொற்பம். அதனைக் கரியாக்கி விற்பவருக்குச் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும். செயலூட்டி, தரம்பிரித்து, ஆய்வுகூடச் சான்றிதழுடன் விற்பவருக்கே பெரும்பங்கு சேர்கின்றது. வடக்கில் தென்னை நட்டு, சிரட்டையைத் தெற்குக்கு ஏற்றிவிட்டு, சுத்திகரிப்பு நிலையங்களுக்கு வேண்டிய காபனை மீண்டும் விலை கொடுத்து வாங்கும் நிலை ஏற்படுமாயின், மூலப்பொருளை மட்டுமே வழங்கும் பிரதேசமாகவே வன்னி தொடர்ந்தும் இருக்க நேரிடும்.

குடிநீரும் வீண் நம்பிக்கையும்

வன்னி மக்களைப் பொறுத்தவரை செயலூட்டிய காபன் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது குடிநீரே. வவுனியா மாவட்டத்தில் காரணம் முடிவாக நிறுவப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் பலரைப் பாதித்துள்ளது. கிணற்று நீரின் கடினத்தன்மையும் புளோரைட்டும் நெடுங்காலமாகப் பேசப்பட்டு வருகின்றன. இந்த அச்சத்தின் மத்தியில் 'கரி வடிகட்டி எல்லா நஞ்சையும் நீக்கும்' என்ற விளம்பரத்துக்கு மக்கள் எளிதில் ஆட்படுகின்றார்கள். இவ்விடத்தில் உண்மையைத் தெளிவாகக் கூறவேண்டியுள்ளது.

செயலூட்டிய காபன் நீரின் நிறம், நாற்றம், வேண்டாத சுவை, எஞ்சிய குளோரீன், எண்ணெய்க் கசிவு, பல வகைப் பீடைநாசினிகள் ஆகியவற்றை நன்கு பிடிக்கும். ஆனால் நீரின் கடினத்தன்மையை அது நீக்காது. உப்பை நீக்காது. புளோரைட்டையும் போதியளவு நீக்காது. இவற்றுக்கு எதிர்ச் சவ்வூடுபரவல் போன்ற வேறு முறைகள் வேண்டும். அந்த நிலையங்களில் காபன் ஒரு முன்வடிகட்டியாக நின்று மென்சவ்வைக் குளோரீனிலிருந்து காக்கின்றது. அதுவும் அவசியமான பணியே எனினும் முழுப் பணியன்று. மேலும், காபனின் துளைகள் நிரம்பிவிட்டால் அது பயனற்றதாகிவிடும். உரிய காலத்தில் மாற்றாத வடிகட்டியில் பற்றீரியாக்களும் பெருகும். நம் முன்னோர் கலங்கிய நீரைத் தெளியவைக்கத் தேற்றாங்கொட்டையைப் பயன்படுத்தினார்கள். அது கலங்கலைப் படியவைக்கும், காபன் நாற்றத்தை நீக்கும், கொதிக்கவைத்தல் கிருமியை அழிக்கும். ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது.

மருத்துவத்திலும் இதே பாடம் கிடைத்துள்ளது. நஞ்சருந்தியவர்களுக்கு வைத்தியசாலைகளில் செயலூட்டிய கரி கொடுக்கப்படுவதுண்டு. அலரி விதை நஞ்சுக்கு இதனைப் பல தடவை கொடுப்பதால் இறப்புகள் குறைந்ததாக இலங்கையில் நடத்தப்பட்டு 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் 4600க்கு மேற்பட்ட நோயாளர்களைக் கொண்டு நம் நாட்டிலேயே நடத்தப்பட்டு 2008இல் வெளியான பெரிய ஆய்வு, எல்லா நஞ்சுக்கும் வழமையாக அவ்வாறு கொடுப்பதில் பயன் இல்லை எனக் கண்டது. பெறுமதியுள்ள பொருளாயினும் அதன் எல்லையை அறிந்தே பயன்படுத்தல் வேண்டும்.

புகையும் கழிவுநீரும்

கழிவைப் பயனாக்கும் தொழிலே புதிய கழிவை உண்டாக்கிவிடக் கூடாது. குழியிலும் பீப்பாயிலும் சிரட்டையை மூடி எரிக்கும் பழைய முறையில் காபனோரொட்சைட்டும் மெதேனும் தார்ப்புகையும் வெளியேறி அயலவரின் சுவாசத்தைப் பாதிக்கின்றன. தமிழ்நாட்டின் திருப்பூர் மாவட்டத்தில், குறிப்பாகக் காங்கேயம் பகுதியில், சிரட்டைக்கரித் தொழிற்சாலைகளால் நிலத்தடி நீர் மாசடைந்ததாக விவசாயிகள் முறையிட்டுப் போராட நேர்ந்தது. சூடான கரியை அணைக்க ஊற்றிய நீர் தாருடன் மண்ணில் இறங்கியதே இம்முறைப்பாடுகளின் அடிப்படையாகும்.

நிலத்தடி நீர் மாசடைந்தால் நேரும் அவலத்தை வடக்கு ஏற்கெனவே அனுபவித்துள்ளது. சுன்னாகத்தில் மின்நிலைய எண்ணெய்க் கழிவு கிணறுகளில் கலந்த விவகாரத்தில், 2019இல் உயர் நீதிமன்றம் இரண்டு கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு தீர்ப்பளித்தமை வாசகர்களின் நினைவில் இருக்கும். வன்னியிலும் இடத்தெரிவு மிக முக்கியமானது. கனகராயன் ஆறு வவுனியா வடக்கிலிருந்து வடக்கு நோக்கிப் பாய்ந்து இரணைமடுவை அடைகின்றது. அந்த நீரேந்து பரப்பில் அமிலம் கழுவும் ஆலையொன்று அமையுமானால் அதன் விளைவைக் கிளிநொச்சியின் வயல்கள் சுமக்க வேண்டிவரும். ஆகவே வன்னிக்கு ஏற்றது நீராவி முறையே. வெளியேறும் வாயுவை எரித்து அந்த வெப்பத்தையே உலைக்குப் பயன்படுத்துவதும், அணைத்த நீரைச் சுழற்சி முறையில் மீளப் பயன்படுத்துவதும் அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனைகளாக வேண்டும்.

செய்யத்தக்கவை

நமது மண்ணின் மூலப்பொருளைக் கொண்டு பெருங் கைத்தொழில் நடத்திய அனுபவம் தமிழ் பேசும் மக்களுக்குப் புதியதல்ல. 1950களில் அமைந்த வாழைச்சேனைக் காகித ஆலை வைக்கோலையும் மூலப்பொருளாகக் கொண்டு இயங்கியது. தமிழரும் முஸ்லிம்களும் அங்கே அருகருகே தொழில் செய்தார்கள். அதே காலப்பகுதியில் உருவான பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஆனையிறவு உப்பிலிருந்து எரிசோடாவையும் குளோரீனையும் உற்பத்தி செய்தது. போர் அதன் உற்பத்தியை நிறுத்தியது. பரந்தனிலும் மாங்குளத்திலும் கைத்தொழில் வலயங்கள் அமைப்பது பற்றி அண்மைய ஆண்டுகளில் அரசு அறிவித்துள்ளது. அந்த வலயங்களுள் எது பொருத்தமானது என்பதை நீரேந்து பரப்பையும் கருத்திற் கொண்டு ஆராய்ந்து, செயலூட்டிய காபனுக்கு ஓரிடம் ஒதுக்கப்படல் வேண்டும்.

ஊருக்கு ஓர் ஆலை என்பது நடைமுறைச் சாத்தியமற்றது. செயலூட்டும் உலை இரவு பகலாக இயங்க வேண்டியது, முதலீடும் பெரிது. ஆனால் சேகரிப்பும் உலர்த்தலும் தரம்பிரித்தலும் கிராமத்திலேயே நடைபெறலாம். புகையை மீள எரிக்கும் சிறிய உலைகளில் கரியாக்கலையும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள், கமக்கார அமைப்புகள், மாதர் சங்கங்கள் ஆகியன நடத்தலாம். மூன்று மாவட்டங்களுக்கும் பொதுவாக ஒரு செயலூட்டும் ஆலை போதுமானது. அதில் கூட்டுறவுகளுக்குப் பங்குரிமை இருந்தால் இலாபத்தின் ஒரு பகுதி சிரட்டை கொடுத்தவரையும் வந்தடையும். மீள்குடியேறிய தமிழ்க் கிராமங்களும், 1990இல் வெளியேற்றப்பட்டுத் திரும்பிவந்த முள்ளியவளை நீராவிப்பிட்டி போன்ற முஸ்லிம் கிராமங்களும் ஒரே கூட்டுறவுக்குள் இணைவதற்கு இது ஒரு வாய்ப்பாகவும் அமையும்.

அறிவுப் பலத்துக்கும் குறைவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்குகின்றன. வவுனியா வளாகம் 2021 ஆகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமாகத் தரமுயர்த்தப்பட்டது. காபனின் தரத்தை அளக்கும் அயடீன் எண் சோதனை சாதாரண இரசாயன ஆய்வுகூடத்திலேயே செய்யத்தக்கது. ஒரு கிராம் காபன் எத்தனை மில்லிகிராம் அயடீனைப் பிடிக்கின்றது என்பதே அந்த எண். நீர் சுத்திகரிப்புக்கான நல்ல சிரட்டைக் காபனில் அது ஆயிரத்தை அண்டியிருக்கும். வன்னியின் ஊமலும் கச்சான் கோதும் இச்சோதனையில் எவ்வளவு பெறுகின்றன என்பதை முறையாக அளந்து, எவரும் பார்க்கக்கூடிய அட்டவணையாக வெளியிடுவது பல்கலைக்கழகங்கள் உடனடியாகச் செய்யக்கூடிய பணியாகும். முதலீட்டாளர் கேட்கும் முதற்கேள்வி அதுவே.

போரில் மரங்களை இழந்த மண்ணில் இன்று மீண்டும் தென்னை நடப்படுகின்றது. கன்றுக்கு மானியம் வழங்கி நிழற்படம் எடுப்பதுடன் பொறுப்பு முடிந்துவிடாது. காய்க்கும் காலத்தில் சிரட்டையை யார் வாங்குவார், எங்கே காபனாக்குவார், கழிவுநீரை எங்கே விடுவார் என்ற மூன்று கேள்விகளுக்கும் மாகாண நிர்வாகமும் மக்கள் பிரதிநிதிகளும் இப்போதே விடை தேடவேண்டும். இந்த வாய்ப்பைத் தவறவிட்டால், சிரட்டை மூடைகள் ஏ-9 வீதி வழியே தெற்கு நோக்கிச் செல்வதைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வன்னி மக்களுக்கு வேறு வழி இருக்காது.